படிகத்துக்கு ஒரு பிடிமானம்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இரவுச் சோற்றைப் பொட்டலம் கட்டச் சொல்லுங்கள். மீன்குழம்பு பிளாஸ்டிக் பைக்குள் இறங்கும். கடைக்காரர் பையின் வாயை ஒரு முறுக்கு முறுக்கி, ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி விடுவார். சோறும் கறியும் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு டப்பாவுக்குள் போகும். வீட்டுக்கு வந்ததும் அந்த ரப்பர் பேண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கழுவித் துடைத்து, இரு கையாலும் பிடித்துச் சட்டென்று முடிந்தமட்டும் இழுத்து, இழுத்த கையோடு மேலுதட்டில் வைத்துப் பாருங்கள்.

வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்தபடியே பத்து நொடி பிடித்திருந்து, பிறகு தளர்த்தி மறுபடி உதட்டில் வையுங்கள். இப்போது சில்லென்றிருக்கும்.

இதை 1805இல் எழுதி வைத்தவர் ஜான் காஃப். இங்கிலாந்தின் கெண்டல் ஊர்க்காரர். சிறு வயதிலேயே அம்மை நோயால் பார்வையை இழந்தவர். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைத் தேடுகிறவருக்கு உதட்டைவிட நல்ல வெப்பமானி ஏது? ரப்பருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அவர் காலத்தில் யாராலும் முடியவில்லை. அதற்கு இன்னும் 120 ஆண்டுகள் ஆயின.

ரப்பர் ஒரு பாலிமர். பல்லுறுப்பி என்று தமிழில் சொல்வோம்: ஒரே மாதிரியான சின்னஞ்சிறு உறுப்புகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. பால்மரத்தின் ரப்பரில் ஒரு சங்கிலிக்குச் சுமார் 15,000 உறுப்புகள் இருக்கும். அதை நேராக நீட்டினால் ஒரு மில்லிமீட்டரில் நூற்றைம்பதில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. ஆனால் அதன் ஒல்லித்தனத்தோடு ஒப்பிட்டால் அது பிரமாண்டமான நீளம். சங்கிலியை ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இடியாப்ப இழையாகப் பெருக்கிப் பார்த்தால், அந்த ஒற்றை இழை 12 மீட்டர் நீண்டு கிடக்கும். கோலாலம்பூர் சாலையில் ஓடும் ஒரு நகரப் பேருந்தின் நீளம் அது. அத்தகைய இழைகள் கோடிக்கணக்கில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக் கிடக்கும் இடியாப்பத் தட்டுதான் ரப்பர் பேண்டு.

இழுக்கும்போது இழைகள் ஒரே திசையில் நெருங்கிப் படுக்கின்றன. சூட்டின் முதல் பங்கு அந்த ஒழுங்கிலிருந்து வருகிறது. இன்னும் இழுத்தால், நான்கு மடங்கு நீளத்தைத் தாண்டும் வாக்கில், வேறொன்று நிகழ்கிறது. அங்கங்கே பக்கத்துப் பக்கத்து இழைகள் இம்மி பிசகாமல் அடுக்கிக்கொண்டு படிகமாகிவிடுகின்றன. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது வெப்பத்தை வெளியே தள்ளுமே, அதுபோல இந்தப் படிகங்களும் பிறக்கும்போது வெப்பத்தைத் தள்ளுகின்றன. உங்கள் உதடு உணர்ந்த சூட்டில் அவற்றின் பங்கும் உண்டு. கையைத் தளர்த்தியதும் படிகங்கள் உருகுகின்றன. உருகத் தேவையான வெப்பத்தை உதட்டிலிருந்தே உறிஞ்சிக்கொள்கின்றன.

இதைக் கண்ணுக்குக் காட்டியவர் ஜோஹன் ரூடால்ஃப் காட்ஸ் என்ற டச்சு அறிஞர். 1925இல் அவர் ரப்பர் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் பிடித்தார். இழுக்காத ரப்பர் மங்கலான ஒளிவளையத்தை மட்டும் காட்டியது. இழுத்த ரப்பரிலோ, உப்புக்கல்லிலும் வைரத்திலும் வருவதுபோல், கூரிய புள்ளிகள் தெறித்து விழுந்தன. அதே 1925இல்தான் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் நிறுவப்பட்டது. ஆர்.ஆர்.ஐ.எம். என்றால் தோட்டத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். கோலாலம்பூர் அம்பாங் சாலையில் தலைமையகம், சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம். அந்தத் தோட்டம் இருந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று குவாசா டாமன்சாரா என்ற புதுநகர். எம்.ஆர்.டி. ரயிலில் அதே பெயருள்ள நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். உலகத்து ரப்பரைப் புரியவைத்த மண்களில் அதுவும் ஒன்று.

படிகம் பிறப்பது அவ்வளவு லேசான காரியமல்ல. அதைப் புரிந்துகொள்ளப் பத்துமலைக்கு வாருங்கள்.

தைப்பூசத்தன்று படிக்கட்டின் அடிவாரத்தில் கூட்டம் அலைமோதுகிறது. நடுவில் நிற்கும் ஐந்து பேர் வரிசை கட்ட நினைக்கிறார்கள். நான்கு பக்கமிருந்தும் தள்ளு; இரண்டு நிமிடத்தில் வரிசை கலைந்துவிடும். அதே ஐந்து பேர் இரும்புத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்? ஒரு பக்கத்துத் தள்ளு இல்லை. வரிசை நிலைக்கும். அவர்களைப் பார்த்து ஆறாவது ஆள் சேர்வார், அறுபதாவது ஆளும் சேர்வார்.

படிகத்துக்கும் இதே கதி. முதலில் திரளும் சில மூலக்கூறுகளைப் படிகக் கரு என்கிறோம். கருவின் உள்ளே இருக்கும் மூலக்கூறுக்கு நிம்மதி. எல்லாப் பக்கமும் ஒழுங்கான துணை. வெளிப்பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கோ ஒரு பக்கம் ஒழுங்கு, மறுபக்கம் குழப்பம். கரு சிறியதாக இருக்கும்வரை அதில் வெளிப்பரப்பே அதிகம், உள்ளே இருப்பது கொஞ்சம். ஆதாயத்தைவிடச் செலவு கூடும். அதனால் ஆயிரம் கருக்கள் தோன்றினால் மிகப் பெரும்பாலானவை தோன்றிய இடத்திலேயே கரைந்துபோகின்றன. ஏதோ ஒன்றுதான் ஓர் அளவைத் தாண்டி வளர்கிறது. ஆனால் பக்கத்தில் ஏற்கனவே ஒரு திடப்பரப்பு இருந்துவிட்டால், ஒரு தூசி, ஓர் அழுக்கு, ஒரு கரித்துகள் இருந்துவிட்டால், கருவின் ஒரு பக்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். செலவு சட்டென்று குறையும். பெரும்பாலான படிகங்கள் இப்படி எதையாவது பற்றிக்கொண்டுதான் பிறக்கின்றன.

பாலிமருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வரிசையில் நிற்க வந்தவர்கள் எல்லோரும் 15,000 பேராக ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள். ஒரு கயிற்றின் தலை ஒரு வரிசையில், இடுப்பு இன்னொரு வரிசையில், வால் சிக்கலுக்குள். அதனால் எந்தப் பாலிமரும் முழுக்கப் படிகமாவதில்லை. கந்தகம் சேர்த்துச் சுடாத பச்சை ரப்பரைக் குளிரில் வைத்தால்கூட மூன்றில் ஒரு பங்குக்குள்தான் படிகம். இருக்கும் இடத்துக்குள் அடங்க இழைகள் கையாளும் உபாயம் அழகானது. 1957இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கெல்லர், பாலிஎத்திலீனின் நீண்ட சங்கிலி தன்மீதே முன்னும் பின்னுமாக மடிந்து மெல்லிய தகடாக அடுக்கிக்கொள்வதைக் கண்டார். ஐந்தரை மீட்டர் சேலையைக் கொசுவம் வைத்து ஒரு சாண் அகலத்துக்குள் சொருகுகிறோமே, அதே வேலை. கொசுவத்தின் அகலம் மட்டும் சுமார் 10 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு.

இனி ரப்பர் சிப்பத்தின் கதை. சிப்பம் ஒன்று 33.3 கிலோ, மூன்று சேர்ந்தால் 100 கிலோ. போர்ட் கிள்ளானில், அதாவது 1972 வரை போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட துறைமுகத்தில், கப்பலேறும்போது அது அழுத்தினால் அமுங்கும் பொருள். குளிர்காலத்து ஐரோப்பியக் கிடங்கில் சில வாரம் கிடந்தால் மரக்கட்டைபோல் இறுகிவிடும். தொழிற்சாலைக்காரர்கள் அதைச் சூடான அறையில் வைத்து இளக்கிய பிறகே வெட்ட முடியும். கெட்டுப்போனதல்ல அது. குளிரில் நின்று நிதானமாகப் படிகமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தக் குளிரில் எவ்வளவு வேகம்? அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் லாரன்ஸ் வுட்டும் நார்மன் பெக்கெடாலும் 1946இல் இதை அளந்து வெளியிட்டார்கள். மைனஸ் 25 டிகிரி செல்சியஸில்தான் பச்சை ரப்பர் மிக வேகமாகப் படிகமாகிறது. வேலை சில மணி நேரத்தில் முடியும். சுழியம் டிகிரியில் நாள்கணக்கில் இழுக்கும். நம் ஊர் 30 டிகிரியில், இழுக்காமல் சும்மா கிடக்கும் ரப்பரில் படிகம் உண்டாவதே இல்லை. சூடு கூடினால் கருக்கள் நிலைக்காது. மைனஸ் 50, 60 என்று குளிர் முற்றினால் கருக்கள் தயாராக இருக்கும், ஆனால் இழைகள் விறைத்து நகர முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுமுகமான இடம்தான் அந்த மைனஸ் 25.

இங்கேதான் என்னை மெய்மறக்க வைக்கும் ஒரு சங்கதி வருகிறது. அதே மூலக்கூறைத் தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்து குளிரில் வையுங்கள். மரத்து ரப்பர் அதை முந்திக்கொண்டு படிகமாகும். மரத்து ரப்பரைக் கரைப்பானில் அலசி, அதிலுள்ள கொழுப்புப் பொருள்களைக் கழுவி எடுத்துவிட்டால் அதுவும் மெதுவாகிவிடுகிறது. இங்கிலாந்தில் ஆலன் ஜென்ட் 1954இல் ரப்பரின் படிகமாதலில் அந்நியப் பொருள்களின் பங்கை ஆராய்ந்தார். ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் சிறிதளவு இருந்தால்கூடப் படிகங்கள் விரைகின்றன. பிற்காலத்தில் ஜப்பானிய அறிஞர் யசுயுக்கி தனாக்காவும் உடனிருந்தோரும் இன்னும் உள்ளே போனார்கள். ரப்பர் இழையின் ஒரு முனையில் மரமே கொழுப்பு அமிலங்களைக் கட்டிவிட்டிருக்கிறது. இழையோடு கட்டிய கொழுப்பும், தனியே கலந்து நிற்கும் கொழுப்பும் கூட்டுச் சேர்ந்து படிகக் கருக்களை வரவழைக்கின்றன.

மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்குள் சொட்டும் பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதியில் தண்ணீரே அதிகம்; கூடவே கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் தாதுக்களும். என் அம்மா கிள்ளானை ஒட்டிய தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரை நிரையாக மரங்களைச் சீவி, வெயில் ஏறும்போது வாளியோடு திரும்புவார். மங்கில் இலை விழுந்தாலும் பட்டைத்தூள் விழுந்தாலும் எடுத்து வீசுவார். பால் ஸ்டோரில் வடிகட்டி ஊற்றுவார்கள். அத்தனை வடிகட்டலையும் தாண்டிக் கூடவே வந்த அந்தச் சொற்பக் கொழுப்புதான் ரப்பரின் குணத்தில் ஒரு பங்கைத் தீர்மானிக்கிறது என்று அவருக்குச் சொல்ல அன்று ஆளில்லை. நான் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த வாடை சும்மா வருமா?” என்றார். உறைந்துபோன ஒட்டுப்பாலின் அந்த நெடியேறிய புளித்த வாடை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும்.

ஜென்ட் வேலை பார்த்த ஆய்வகத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டியில் ரப்பர் உற்பத்தியாளர்கள் 1938 முதல் நடத்திய ஆய்வுச் சங்கம் அது. மலாயாவிலிருந்து ஏற்றுமதியாகும் ரப்பர் மீது விதித்த செஸ் தீர்வைதான் அதன் பெரிய வருமானம். தோட்டத்துத் தமிழர் கையில் கூலியாக வந்தது சொற்பம். அவர்கள் வெட்டிய பால் ஒவ்வொரு சிப்பமாகக் கப்பலேறி, பாலிமர் அறிவியலின் அடிப்படைக் கேள்விகளுக்குப் படியளந்தது. இதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஆய்வகத்தில்தான் எட்கர் ஆண்ட்ரூஸ் 1960களின் தொடக்கத்தில் ஓர் அருமையான காட்சியைப் பிடித்தார். ரப்பரை மெல்லிய படலமாக்கி, சிலவற்றை இழுத்தும் சிலவற்றை இழுக்காமலும் குளிரில் படிகமாகவிட்டு, ஆஸ்மியம் சேர்மத்தின் ஆவியால் நிறமேற்றி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். இழுக்காத படலத்தில் படிகத் தகடுகள் ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் விரிந்து நின்றன. இழுத்த படலத்தில் படம் அடியோடு மாறியது. இழுத்த திசையில் ஒரு மெல்லிய நரம்பு. அதன் இருபுறமும் குறுக்கே வரிசையாகத் தகடுகள். மேலை அறிஞர்கள் இத்தகைய அமைப்புக்குக் கம்பியில் குத்திச் சுட்ட கபாப்பின் பெயரை வைத்திருக்கிறார்கள். காஜாங் பக்கத்தில் வசிக்கும் நமக்குச் சாத்தே குச்சி போதும். முதலில் சில இழைகள் முழுக்க நீண்டு குச்சியாகின்றன. பிறகு அந்தக் குச்சியே ஒரு பரப்பாகி, மற்ற இழைகளுக்குத் தடுப்புக் கம்பியாக நிற்கிறது. அவை கொசுவம் மடித்து அதன்மேல் இறைச்சித் துண்டாய் அடுக்கிக்கொள்கின்றன. வெளியிலிருந்து தூசி எதுவும் வராமலே ரப்பர் தனக்கான பிடிமானத்தைத் தானே செய்துகொள்கிறது.

இனிக் கரி. டயர் ஏன் கறுப்பு என்று எந்தக் குழந்தையும் கேட்கும். பச்சை ரப்பரின் நிறம் கறுப்பல்ல. பாலின் வெண்மை, புகையில் காய்ந்தால் தேன் நிறம். 1904இல் லண்டன் சில்வர்டவுனில் இருந்த ஒரு ரப்பர் நிறுவனத்தில் எஸ். சி. மோட் என்பவர், நுண்கரியைச் சேர்த்தால் ரப்பர் பலமடங்கு உறுதியாவதைக் கண்டார். நிரப்பி என்று தொழிலில் அழைக்கும் பொருள்களில் இதுவே தலையாயது. பெயரைப் பார்த்தால் இடத்தை அடைக்கச் சேர்த்த மலிவுச் சரக்கு என்று தோன்றும். உள்ளே நடப்பது வேறு. டயர்களில் பரவலாகச் சேர்க்கும் ஒரு கரி வகையில் துகள் ஒவ்வொன்றும் சுமார் 30 நானோமீட்டர். ஒரு கிராம் கரியின் மொத்தப் பரப்பை விரித்தால் ஏறக்குறைய 80 சதுர மீட்டர், அதாவது ஒரு முழு பேட்மிண்டன் ஆடுகளம். ஒரு கிலோவில் ஆயிரம் ஆடுகளம். லாரி டயர் ஒன்றில் கரி கிலோ கிலோவாக இருக்கிறது.

இவ்வளவு பரப்பில் படிகக் கருக்கள் ஈசல்போல் மொய்க்குமே என்று நினைப்போம். ரப்பரில் கரி செய்யும் பெரிய உதவி அதுவல்ல. பாசிமணிகளை எலாஸ்டிக் நூலில் நெருக்கமாகக் கோத்து, நீளத்தில் பாதி மணி, பாதி நூல் என்று வையுங்கள். மாலையை இரண்டு மடங்காக இழுங்கள். மணி நீளாது. அதனால் இடையிலுள்ள நூல் மூன்று மடங்காக நீண்டாக வேண்டும். கரித்துகள்களுக்கு நடுவே சிக்கிய ரப்பருக்கும் இதே கதிதான். வெல்வின் ஆய்வகத்தின் லெனார்ட் மல்லின்ஸ், டோபின் என்பவரோடு சேர்ந்து 1965இல் இந்தக் கணக்கை ரப்பரில் சோதித்தார். கனஅளவில் ஐந்தில் ஒரு பங்கு கரி இருந்தால், உள்ளிருக்கும் ரப்பரின் நீட்சி வெளியே தெரிவதைப்போல் சுமார் இரு மடங்கு. அதனால் சாதாரண ரப்பரில் நான்கு மடங்கு இழுத்த பிறகு எட்டிப் பார்க்கும் படிகங்கள், கரி சேர்ந்த ரப்பரில் வெகு முன்னதாகவே தலைகாட்டுகின்றன.

கரியை அள்ளிக் கொட்டினால் இன்னும் நல்லதா? இல்லை. கரி கலந்த பச்சை ரப்பரை டொலுயீன் கரைப்பானில் நாள்கணக்கில் ஊறவைத்தாலும் ஒரு பகுதி கரையாது. கரிப்பரப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடக்கும். அப்படிப் பிடித்துக்கொண்ட இழைக்கு நகர இடமில்லை. நகராத இழை படிக வரிசையில் வந்து சேராது. பத்துமலை அடிவாரம் முழுக்கத் தடுப்புக் கம்பிகளை நட்டுவிட்டால் வரிசைகள் எல்லா இடத்திலும் தொடங்கும், எதுவும் நீளாது. டயர் கலவை செய்பவரின் கைத்திறன் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இத்தனை படிகமும் எதற்கு? போர்ட் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறும் கொள்கலன் லாரியைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன் சக்கரம் நொடிக்கு ஏழு முறை சுற்றுகிறது. ஒரு கல் குத்தி டயரில் சிறு கீறல் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கீறல் பிளக்கப் பார்க்கும். பிளவின் முனையில்தான் ரப்பர் மிக அதிகமாக இழுபடுகிறது. அதிகமாக இழுபடும் இடத்தில்தான் படிகமும் பிறக்கிறது. அதுவும் நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள். கீறலின் வாயில் உடனுக்குடன் ஒரு கெட்டிச் சுவர் எழும்பி, பிளவை நிறுத்தியோ பக்கவாட்டில் திருப்பியோ விடுகிறது. இழுப்பு தளர்ந்ததும் சுவர் உருகிவிடும். ரப்பர் மறுபடி மெத்தென்றாகிவிடும். கனரக லாரியின் டயரிலும், சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கும் விமானத்தின் டயரிலும் இன்றளவும் மரத்து ரப்பர் தாராளமாகச் சேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எங்கே அடிபடுகிறதோ அங்கே மட்டும், அடிபடும் கணத்துக்கு மட்டும் இறுகுகிற பொருளை மனிதர்கள் வடிவமைத்துப் பார்க்கட்டும். மரம் அதைப் பட்டைக்கடியில் வைத்திருந்தது.

பொட்டலத்தில் இன்னொரு பாலிமரும் இருந்ததே. டப்பாவைத் திருப்பி அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் பெரும்பாலும் 5 என்றிருக்கும். அது பாலிப்ரோபிலீன். உருகிய நிலையிலிருந்து சாதாரணமாக ஆறினால் அது கழுநீர்போல் மங்கலாகத்தான் இருக்கும். கருக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றி, ஒவ்வொன்றும் கோளமாக வளர்ந்து, பக்கத்துக் கோளத்தில் முட்டும்போது நிற்கின்றன. கோளப்படிகம் என்று பெயர். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குக்கூட அது வளரும். அத்தனை பெரிய கோளங்கள் ஒளியைச் சிதறடித்துவிடும். கறியின் நிறம் வெளியே தெரியாது.

தெளிவாக்க என்ன செய்கிறார்கள்? சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இனிப்புக்காகச் சேர்க்கும் சோர்பிட்டால் இருக்கிறதே, அதிலிருந்து வேதிமாற்றத்தால் பெற்ற ஒரு பொருளை ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்கு இரண்டு கிராம் போலக் கலக்கிறார்கள். குழம்புச் சட்டிக்கு ஒரு சிட்டிகை. உருகிய பிளாஸ்டிக்கில் அது முழுக்கக் கரைந்து மறைகிறது. ஆறத் தொடங்கியதும், பாலிப்ரோபிலீன் இறுகுவதற்கு முன்பே, அது பிரிந்து 10 நானோமீட்டர் தடிமனுள்ள நார்களாகிச் சிலந்திவலைபோல் எங்கும் பரவுகிறது. ஒவ்வொரு நாரும் ஒரு தடுப்புக் கம்பி. கோடானுகோடி இடங்களில் ஒரே சமயத்தில் படிகங்கள் தொடங்குவதால் எதற்கும் பெரிதாக வளர இடமில்லை. ஒளியைத் தடுக்குமளவுக்கு எதுவும் பெரிதாகாததால் டப்பா கண்ணாடியாகிறது. பிளாஸ்டிக் சீக்கிரம் இறுகுவதால் அச்சிலிருந்து விரைவாகக் கழற்றவும் முடிகிறது. வேலை நேரம் மிச்சம்.

நிறமிகளின் சேட்டை இதைவிட வியப்பு. மூடியோ கூடையோ வார்க்கும் பட்டறையில் வெள்ளை நிறத்தில் அச்சொட்டாகப் பொருந்திய மூடி, நீலச்சாயம் கலந்ததும் கோணிக்கொள்ளும். அச்சு மாறவில்லை, பிளாஸ்டிக்கும் மாறவில்லை. தாலோசயனின் என்ற நீல நிறமியின் நுண்துகள்கள் படிகக் கருக்களுக்கு நல்ல பிடிமானம். படிகங்கள் முந்திப் பிறந்து, பொருள் ஒரு திசையில் கூடுதலாகவும் ஒரு திசையில் குறைவாகவும் சுருங்கிவிடுகிறது. கார்ச் சாயத்தில் சேரும் குயினாக்ரிடோன் என்ற சிவப்பு நிறமியோ ஒரு படி மேலே போகிறது. ஒரு கிலோ பாலிப்ரோபிலீனில் சில மில்லிகிராம் இருந்தாலே போதும், பிறக்கும் படிகத்தின் சாதியே மாறிவிடும். இழைகள் வேறு விதமாக அடுக்கிக்கொள்கின்றன. பொருள் 165 டிகிரிக்குப் பதில் சுமார் 150 டிகிரியிலேயே உருகுகிறது; கீழே போட்டால் முன்னைவிடக் குறைவாக உடைகிறது. காரணம் அளவுப் பொருத்தம். பாலிப்ரோபிலீன் இழை திருகாணிபோல் முறுக்கியிருக்கிறது; ஒரு முறுக்குக்கு 0.65 நானோமீட்டர். நிறமிப் படிகத்தின் முகத்திலும் அதே இடைவெளியில் மேடு பள்ளங்கள். முட்டை அட்டையின் குழிகளில் முட்டைகள் உட்காருவதுபோல் இழைகள் உட்கார்ந்துகொள்கின்றன. குழி எப்படியோ அடுக்கு அப்படி.

பரப்பின் மேல் மெல்லியதாக எதையாவது பூசினால் இந்தப் பேச்சுவார்த்தையே மாறிவிடும். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளில் வெட்டி அரைக்கும் கால்சியம் கார்பனேட் பொடி, நம் ஊர்ப் பிளாஸ்டிக்கில் நன்கு பழகிய நிரப்பி. அதைச் சேர்ப்பதற்கு முன் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்தைப் பூசுகிறார்கள். நம் நாட்டில் அது செம்பனை எண்ணெயிலிருந்து கிடைக்கும். பொடி கட்டிதட்டாமல் பிளாஸ்டிக்கில் கலக்கும். ஆனால் பூச்சு பரப்பை மூடிவிடுவதால் படிகக் கருக்களுக்கான பிடி தளர்ந்துவிடும். ரப்பரில் படிகங்களை விரைவாக வரவழைக்கும் அதே ஸ்டியரிக் அமிலம், இங்கே கல்லின் மேல் போர்வையாகி அவற்றுக்கு இடங்கொடுக்க மறுக்கிறது.

செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் செம்பனைக் குலையின் நாரையும் கெனாஃப் செடியின் நாரையும் பிளாஸ்டிக்கோடு சேர்த்து ஆராய்கிறார்கள். இத்தகைய நார்கள் சிலவற்றின் பரப்பில் கருக்கள் தோளோடு தோள் உரசும் நெருக்கத்தில் முளைக்கும். பக்கவாட்டில் வளர இடமில்லாததால் எல்லாம் வெளிநோக்கியே நீளும். நுண்ணோக்கியில் அது பாட்டில் கழுவும் பிரஷ்போலவே தெரியும். அந்தக் கவசம் நாருக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள பிடிப்பைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்குத் தீரவில்லை.

காஃப் 1805இல் எழுதியதில் இன்னொரு சோதனையும் உண்டு. அதைச் செய்துபார்க்கக் கடை ரப்பர் பேண்டு உதவாது. கந்தகம் சேர்த்துச் சுடாத பச்சை ரப்பர் வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் சிறுதோட்டத்திலிருந்து வாங்கி வந்த ரப்பர் ஷீட் துண்டு என்னிடம் இருந்தது. ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய பட்டையாக வெட்டினேன். வெந்நீரில் காட்டி இளக்கி, ஐந்து மடங்கு வரும்வரை மெதுவாக இழுத்து, இழுத்தபடியே பனிக்கட்டி நிறைந்த பாத்திரத்துக்குள் அமுக்கிப் பிடித்தேன். விரல்கள் மரத்துப்போயின. சில நிமிடம் கழித்து ஒரு முனையை விட்டேன். பட்டை சுருங்கவில்லை. நீண்டது நீண்டபடி, உலர்ந்த தோல் வார்போல் விறைப்பாகத் தண்ணீரில் கிடந்தது. குச்சியும் தகடுமாய் உள்ளே படிகங்கள் பூட்டிக்கொண்டுவிட்டன.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னேன். முப்பது ஆண்டுகள் உளி பிடித்துக் காய்ப்பேறிய கை. அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அவர் புருவம் உயர்ந்தது. விரல்களுக்குள் ஏதோ புழுப்போல் நெளிகிறது என்றார். கையை விரித்தபோது பட்டை பழைய நீளத்துக்குச் சுருண்டு, கதகதப்பாக, ஒட்டுப்பால் வாடையோடு கிடந்தது.